மேடேறும் மேப்பிள் சாறு: மோட்டாரை மாற்றும் முன் பைப்பைப் பாருங்கள்

மார்ச் மாதத்து மதியம். அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு மலைச்சரிவின் அடிவாரம். முழங்கால் அளவு பனிக்கு நடுவே ஒரு எஃகுத் தொட்டி. மேலே காட்டில் உள்ள மேப்பிள் மரங்களின் சாறு, 3,000 துளைகளில் இருந்து பிளாஸ்டிக் குழாய்கள் வழியாக வந்து அந்தத் தொட்டியில் விழுகிறது. தொட்டி நிரம்பி, சாறு விளிம்பு வழியாகப் பனியில் வழிந்து கொண்டிருந்தது. பக்கத்தில் மோட்டார் நிற்கவில்லை. முழு வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆராய்ச்சிப் பணிக்காகச் சில மாதங்கள் அந்தப் பகுதியில் தங்கியிருந்தபோது நேரில் பார்த்த காட்சி இது. தொட்டி அருகே நின்றிருந்த விவசாயிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். போன வாரம்தான் 1.5 ஹெச்.பி. மோட்டாரைக் கழற்றிவிட்டு 3 ஹெச்.பி. மோட்டார் போட்டதாகச் சொன்னார். அப்படியும் சாறு போய்ச் சேரவில்லை. அடுத்து 5 ஹெச்.பி. வாங்கலாமா என்பது அவருடைய கேள்வி. கிணற்றில் இருந்து தூரத்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோன அனுபவம் உங்களுக்கு இருந்தால், இந்தக் கேள்வி எங்கேயோ கேட்டதுபோல இருக்கும்.

அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்பதற்கு முன், இந்தச் சாறு ஏன் இவ்வளவு அவசரமான பொருள் என்பதைத் தெரிந்துகொள்வோம்.

மரத்தில் ஓடும் இனிப்பு

சர்க்கரை மேப்பிள் என்னும் மரம் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் கிழக்கிலும் இயற்கையாக வளர்வது. இரவில் உறைபனியும் பகலில் உருகும் அளவுக்கு வெப்பமும் மாறி மாறி வரும் நாட்களில் மட்டும் அதன் தண்டில் சாறு அழுத்தத்தோடு ஓடும். பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் பாதிக்குள் பருவம் முடிந்துவிடும். நான்கு முதல் ஆறு வாரம். அதிலும் நல்ல ஓட்டம் உள்ள நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்தச் சாறில் சர்க்கரை சுமார் 2% மட்டுமே. நம் பனம் பதநீரில் 10 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். அதைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கவே எவ்வளவு விறகு வேண்டும் என்பது பனைத் தொழிலாளர்களுக்குத் தெரியும். மேப்பிள் சாறில் 40 லிட்டருக்கும் மேல் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். ஆக, மேப்பிள் விவசாயி உண்மையில் கையாள்வது தண்ணீரை. அதுவும் பத்தாயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரை.

பதநீரைப் போலவே இதுவும் கெடும். மரத்தில் இருந்து வரும்போது சாறு ஏறக்குறையச் சுத்தமாக இருக்கும். குழாயிலும் தொட்டியிலும் நுண்ணுயிர்கள் சேர்ந்து சர்க்கரையை உடைக்கத் தொடங்கும். நாம் கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் புளிப்பதைத் தடுக்கிறோம். அங்கே அப்படி எதையும் சேர்ப்பதில்லை. குளிர்ச்சியும் வேகமும்தான் பாதுகாப்பு. கெடத் தொடங்கிய சாறில் காய்ச்சிய பாகு கருத்துப் போகும், சுவை மாறும். வெளிர் பொன்னிறம், அம்பர், அடர்நிறம், மிக அடர்நிறம் என நிறத்தை வைத்துத்தான் பாகைத் தரம் பிரிக்கிறார்கள் என்பதால், தொட்டியில் தங்கும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும்.

முன்பு மரத்துக்கு மரம் வாளி தொங்கவிட்டு, குதிரை வண்டியில் சேகரித்தார்கள். 1950களின் இறுதியில் பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன. இப்போது ஒவ்வொரு துளையில் இருந்தும் மெல்லிய குழாய், அது முக்கால் அங்குலம் அல்லது ஒரு அங்குலப் பிரதானக் குழாயில் சேர்வது, அதன் முனையில் வெற்றிடப் பம்ப் என்று முழுக் காடும் சொட்டுநீர்ப் பாசன வயலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதுபோல இருக்கும். நாம் பிரதான பைப்பில் இருந்து லேட்டரல் வழியாகச் செடிக்குத் தண்ணீர் கொடுக்கிறோம். அவர்கள் மரத்தில் இருந்து லேட்டரல் வழியாகப் பிரதான பைப்புக்குச் சாறு எடுக்கிறார்கள்.

கொட்டகை ஏன் மேட்டில்?

சாறு தானாக இறங்கும் இடத்திலேயே காய்ச்சும் கொட்டகையைக் கட்டிவிட்டால் பிரச்சினையே இல்லை. பலர் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. கொட்டகைக்கு மின்சாரம் வேண்டும், விறகோ எண்ணெயோ வந்து இறங்கச் சாலை வேண்டும், பாகு வாங்க ஆள் வர வேண்டும். சாலை மேட்டில் இருக்கும். காடு அதற்குக் கீழே பள்ளத்தில் சரியும். காய்ச்சும் சட்டி, ஆர்.ஓ. இயந்திரம் எல்லாம் விலை அதிகம் என்பதால் இரண்டு மூன்று காடுகளின் சாறை ஒரே கொட்டகைக்குக் கொண்டுவருகிறவர்களும் உண்டு.

லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். போகிறார்கள். ஆனால் சாறு ஓடும் அதே வாரங்களில்தான் பனி உருகி மண் சாலைகள் சேறாகின்றன. வெர்மான்ட்டில் இதற்குச் சேற்றுப் பருவம் என்றே பெயர். கனரக வண்டிகள் வரக்கூடாது என்று பல ஊர்களில் எடைக் கட்டுப்பாட்டுப் பலகை வைத்துவிடுவார்கள். 5,000 லிட்டர் சாறு என்றால் 5 டன். அதைச் சேற்றில் இழுப்பதைவிட பைப் போடுவது மேல் என்று பலரும் முடிவுக்கு வருவது இயல்புதான்.

இழுக்க முடியாது, தள்ளத்தான் வேண்டும்

காட்டில் ஏற்கெனவே வெற்றிடப் பம்ப் இருக்கிறதே, அதை வைத்தே மேட்டுக்கு இழுத்துவிடலாமா? ஓரளவுக்குத்தான். கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்க இறங்க நாம் மோனோபிளாக் மோட்டாரையும் உள்ளே இறக்கி வைப்பதற்கு என்ன காரணமோ, அதே காரணம் இங்கும். எவ்வளவு நல்ல வெற்றிடமானாலும் காற்றழுத்தம் தாங்கும் உயரத்துக்கு மேல் திரவம் ஏறாது. அவர்கள் பயன்படுத்தும் 27 அங்குலப் பாதரச வெற்றிடத்தில் கணக்குப்படி 9 மீட்டருக்குச் சற்று மேல்தான் சாறு ஏறும்.

அதோடு, சாறைத் தூக்கச் செலவாகும் வெற்றிடம் மரத்தடியில் குறைந்துவிடும். வெற்றிடம் ஒரு அங்குலம் கூடினால் சாறு சுமார் 5% கூடும் என்பது அங்குள்ள அனுபவக் கணக்கு. சிறு பள்ளத்தைக் கடக்க மூன்று நான்கு மீட்டர் தூக்கும் ஏணிபோன்ற குழாய் அமைப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஆசைப்பட்டால் மகசூலில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.

அதனால் வெற்றிடத்தை அடிவாரத்தோடு நிறுத்தி, ரிலீசர் என்னும் பெட்டி வழியாகச் சாறைத் தொட்டியில் விடுகிறார்கள். வெற்றிடம் போகாமல் சாறை மட்டும் வெளியே விடுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. தொட்டியில் இருந்து கொட்டகை வரை தள்ளுவது தனி மோட்டார், தனி பைப். நம் கதையின் சிக்கல் இந்த இரண்டாவது பாதியில்.

மீட்டர் சொன்ன உண்மை

அந்த விவசாயியின் கொட்டகை தொட்டியில் இருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில், 40 மீட்டர் உயரத்தில் இருந்தது. பைப் ஒன்றேகால் அங்குலம், அதாவது உள்விட்டம் 32 மில்லிமீட்டர். அவருடைய அப்பா காலத்தில் காட்டில் 1,000 துளைதான் இருந்ததாம். அதற்கு அந்தப் பைப் தாராளமாகப் போதும். துளைகள் மூன்று மடங்கு ஆயின, வெற்றிடமும் கூடியது. பைப் மட்டும் அப்படியே இருந்தது.

நல்ல ஓட்டம் உள்ள நேரத்தில் ஒரு துளைக்கு மணிக்கு முக்கால் லிட்டரில் இருந்து ஒன்றரை லிட்டர் வரை சாறு வரும் என்று வைத்துத்தான் அங்கே குழாய் அளவைத் தீர்மானிக்கிறார்கள். 3,000 துளைக்கு உச்ச நேரத்தில் மணிக்கு 4,500 லிட்டர். கொஞ்சம் கூட்டி 5,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

மோட்டாரின் வெளியேறும் பைப்பில் ஒரு அழுத்த மீட்டர் இருந்தது. மோட்டார் ஓடும்போது அது காட்டியது ஏறத்தாழ 10 கிலோ. மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். ஒருவழி வால்வு மூடி, பைப் நிறையச் சாறு நின்றது. முள் 4 கிலோவுக்கு இறங்கி நின்றது.

இந்த இரண்டு எண்களே போதும். ஒரு கிலோ அழுத்தம் என்பது 10 மீட்டர் உயரத்துக்குச் சமம். மோட்டார் நின்றபின் காட்டும் 4 கிலோ, 40 மீட்டர் உயரத்தின் எடை. அதை யாரும் குறைக்க முடியாது. ஓடும்போது கூடுதலாக வந்த 6 கிலோ, சாறு பைப்பின் உட்சுவரோடு உராய்வதால் வந்தது. மோட்டாரின் உழைப்பில் பாதிக்கும் மேல், சாறை மேலே தூக்குவதற்குப் போகவில்லை. பைப்போடு மல்லுக்கட்டுவதற்குப் போனது.

உராய்வின் குணமே தனி. ஓட்டத்தை இரண்டு மடங்காக்கினால் உராய்வு இழப்பு இரண்டு மடங்காகாது. மூன்றரை மடங்குக்கும் மேலே போகும். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உராய்வுக்கென்று கிடைக்கும் அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினாலும் ஓட்டம் சுமார் ஒன்றரை மடங்குதான் கூடும். அவருக்கு நடந்தது அதேதான். பழைய மோட்டார் மணிக்கு 2,600 லிட்டர் தள்ளியது. ஹெச்.பி. இரட்டிப்பானதும் கிடைத்தது சுமார் 3,900 லிட்டர். வந்து விழும் சாறு 5,000 லிட்டர். மீதி 1,100 லிட்டர் மணிக்கு மணி பனியில் கலந்தது. பாகாகக் கணக்கிட்டால் மணிக்கு சுமார் 25 லிட்டர். அன்று இரவு உறையாவிட்டால் சாறு விடிய விடிய ஓடும்.

பைப் அளவு செய்யும் மாயம்

இப்போது அதே ஒரு கிலோமீட்டருக்கு, அதே 5,000 லிட்டருக்கு, பைப்பை மட்டும் மாற்றிப் பார்ப்போம். பாலிஎத்திலீன் பைப்புக்கான வழக்கமான உராய்வுச் சூத்திரத்தில் போட்ட கணக்கு இது.

உள்விட்டம் 25 மி.மீ. என்றால் உராய்வு மட்டும் 320 மீட்டர் உயரத்துக்குச் சமம். அந்தப் பைப்பில் 5,000 லிட்டரைத் தள்ளவே முடியாது என்று பொருள். 32 மி.மீ. என்றால் 97 மீட்டர். 38 மி.மீ. என்றால் 42 மீட்டர். 50 மி.மீ. என்றால் வெறும் 11 மீட்டர். விட்டம் இரண்டு மடங்கானால் உராய்வு ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகிவிடுகிறது.

இதோடு 40 மீட்டர் உயரத்தைக் கூட்டுங்கள். மோட்டார் கடையில் ஹெட் என்று சொல்வது இந்த மொத்தத்தைத்தான். 32 மி.மீ. பைப்புக்கு 137 மீட்டர், 38 மி.மீ. பைப்புக்கு 82 மீட்டர், 50 மி.மீ. பைப்புக்கு 51 மீட்டர். பம்பின் செயல்திறன் 45% என்று கொண்டால், முதலாவதற்கு 5.5 ஹெச்.பி.க்கும் மேல் வேண்டும். இரண்டாவதற்கு 3.5 ஹெச்.பி. போதும். மூன்றாவதற்கு 2 ஹெச்.பி.க்குச் சற்று மேல் இருந்தால் போதும்.

பைப்பின் தரமும் இதில் சேர்ந்து வருகிறது. 137 மீட்டர் என்றால் 13.7 கிலோ அழுத்தம். 10 கிலோ பைப் கூடத் தாங்காது. 51 மீட்டர் என்றால் 5 கிலோவுக்குச் சற்று மேல். 6 கிலோ பைப்பை வைத்தே சமாளிக்கலாம், அடிப்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கனமானதைப் போட்டால் நிம்மதி. சிறிய பைப் வாங்கி மிச்சம் பிடித்ததாக நினைத்தவர், அதைத் தாங்கவைக்கக் கனமான பைப்புக்கும் பெரிய மோட்டாருக்கும் கொடுத்துத் தீர்க்கிறார். 5 ஹெச்.பி. போட்டிருந்தால் அந்தப் பழைய பைப்பின் இணைப்புகள்தான் முதலில் கழன்றிருக்கும். 3 ஹெச்.பி. போட்ட வாரத்திலேயே ஒரு கப்ளிங் பிய்த்துக்கொண்டு போனதாக அவரே பிறகு சொன்னார்.

அப்படியானால் பைப் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லதா? தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட ஆமாம் என்று சொல்லிவிடலாம், விலை மட்டும்தான் தடை. சாறுக்கு அப்படி இல்லை. 50 மி.மீ. பைப் ஒரு கிலோமீட்டருக்கு 1,960 லிட்டர் பிடிக்கும். 32 மி.மீ. பைப் 800 லிட்டர்தான் பிடிக்கும். மோட்டார் நின்றதும் பைப்பில் தங்குகிற சாறு என்ன ஆகும் என்பது அங்கே பெரிய கேள்வி. வெயிலில் நின்றால் கெடும். இரவில் நின்றால் உறையும்.

அந்த விவசாயி கடைசியில் செய்தது எனக்கு இன்றும் பிடித்த தீர்வு. பழைய பைப்பை அப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே அதே அளவில் இன்னொரு பைப் போட்டார். 5,000 லிட்டர் இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் 2,500 லிட்டர் என்றால் உராய்வு 97 மீட்டரில் இருந்து 27 மீட்டருக்கு இறங்கிவிடும். மொத்தம் 67 மீட்டர். ஏற்கெனவே வாங்கிவிட்ட 3 ஹெச்.பி. மோட்டாருக்கு அது சரியான வேலை. சாறு குறைவாக ஓடும் நாட்களில் ஒரு பைப்பை மூடிவிட்டு மற்றதை மட்டும் பயன்படுத்தலாம். குறைந்த சாறே பைப்பில் தங்கும். ஒன்று உறைந்துபோனால் இன்னொன்று கைகொடுக்கும். புதிதாக அமைக்கிறவர் 50 மி.மீ. ஒன்றைப் போடுவது மலிவு. பழைய பைப் கையில் இருக்கிறவருக்கு இரட்டைப் பைப் நல்ல வழி.

நின்றால் காலியாக வேண்டும்

நீண்ட தூரச் சாறு பைப்பை அமைப்பதில் அவர்கள் அதிகம் மெனக்கெடுவது தள்ளுவதற்கு அல்ல, காலி செய்வதற்கு. உறையும்போது தண்ணீர் 9% விரியும். பாலிஎத்திலீன் பைப் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்தாலும் வால்வு, இணைப்பு, பம்பின் உடல் எல்லாம் வெடிக்கும். வெடிக்காமல் தப்பினாலும், மறுநாள் சாறு ஓடத் தொடங்கும் நேரத்தில் பைப்புக்குள் பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருந்தால் மதியம் வரை காத்திருக்க வேண்டியதுதான். மரம் காத்திருக்காது.

இதற்காகப் பைப்பைத் தரையில் போடுவதில்லை. மரங்களுக்கு இடையே கனமான கம்பியை இழுத்துக் கட்டி, அதில் பைப்பைச் சேர்த்துக் கட்டி, தொட்டியில் இருந்து கொட்டகை வரை ஒரே சீராக மேடேறும்படி அமைக்கிறார்கள். எங்கும் தொய்வு இருக்கக் கூடாது. தொய்ந்த இடத்தில் ஒரு வாளி சாறு தங்கினாலும் அது அங்கேயே கட்டியாகும். மோட்டாரை நிறுத்தியதும் அடியில் உள்ள வடிகால் வால்வைத் திறந்தால், முழுப் பைப்பும் தொட்டிக்கே திரும்பி வடிந்துவிடும். ஒருவழி வால்வு வைத்திருப்பவர்கள் அதைச் சுற்றி ஒரு சிறு பக்கவழியும் வைக்கிறார்கள், இல்லாவிட்டால் வடியாது. திரும்பி வரும் சாறுக்குத் தொட்டியில் இடம் விட்டுத்தான் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்பதைப் புதிதாக அமைக்கிறவர்கள் மறந்துவிடுவார்கள். 50 மி.மீ. பைப் என்றால் ஏறக்குறைய 2,000 லிட்டர் இடம்.

நடுவில் ஒரு மேடு இருந்தால் கதை மாறும். தொட்டியில் இருந்து ஏறி, மேட்டைத் தாண்டி, மறுபக்கம் இறங்கிக் கொட்டகைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் மேட்டின் உச்சி வரை தள்ளியாக வேண்டும். கொட்டகை தாழ்வில் இருக்கிறதே என்று குறைவான ஹெட் உள்ள பம்ப் வாங்கினால் சாறு உச்சியைத் தொடாது. உச்சியில் காற்று போக ஒரு வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால் ஓடும்போது காற்று அடைத்துக்கொள்ளும், நிறுத்தும்போது பைப் வடியாது. உச்சியில் காற்று நுழைந்தால், பாதிச் சாறு கொட்டகைக்கும் பாதி தொட்டிக்கும் தானாக வடிந்துவிடும். நம் ஊர் மேட்டு நிலங்களில் ஏர் லாக் என்று சொல்லி பைப்பில் ஓட்டை போட்டுக் காற்றை விடுகிறோமே, அதே சங்கதிதான்.

மண்ணுக்கடியில் புதைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உறைபனி இறங்காத ஆழம் என்றால் ஒரு மீட்டருக்கும் மேல் தோண்ட வேண்டும். பாறையும் வேரும் நிறைந்த காட்டில் அது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது.

எந்தப் பம்ப்?

ஆழ்துளைக் கிணற்றுக்குப் போடும் பல அடுக்கு நீர்மூழ்கி மோட்டாரைத்தான் அங்கே பலரும் சாறுக்கும் பயன்படுத்துகிறார்கள். எளிதில் கிடைக்கும், உயரமாகத் தள்ளும். ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும். போர்வெல்லில் மோட்டாரின் உடலை உரசிக்கொண்டு தண்ணீர் மேலேறும். அதனால் மோட்டார் குளிரும். தொட்டியில் படுக்க வைத்தால் அப்படி ஓடாது. அதனால் மோட்டாரைச் சுற்றி ஒரு பைப் உறை மாட்டி, சாறு மோட்டாரை உரசிக்கொண்டு போகும்படி செய்கிறார்கள். இதை நம் ஊர்த் தரைமட்டத் தொட்டிகளில் நீர்மூழ்கி மோட்டார் போடுகிறவர்களும் செய்யலாம். செய்யாமல் சுருள் எரிந்துபோன மோட்டார்கள் எத்தனை என்று ரீவைண்டிங் கடையில் கேட்டால் தெரியும்.

மின்கம்பி எட்டாத காட்டில் பெட்ரோல் எஞ்சின் பம்ப். மிக உயரமாக, ஆனால் மெதுவாகத் தள்ள வேண்டிய இடத்தில் பிஸ்டன் வகைப் பம்ப். எதுவானாலும் சாறு தொடும் பாகம் துருப்பிடிக்காத எஃகாகவோ உணவுத் தரப் பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும். பழைய பித்தளை, வெண்கலப் பாகங்களில் இருக்கும் ஈயம் சாறில் இறங்கும். 40 லிட்டர் ஒரு லிட்டராக வற்றும்போது ஈயமும் சேர்ந்து செறிவாகும்.

தொட்டியில் மிதவை ஸ்விட்ச் வைத்து, நிரம்பினால் ஓடவும் குறைந்தால் நிற்கவும் செய்கிறார்கள். மிதவை இரண்டும் மிக அருகில் இருந்தால் மோட்டார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடும். உறைபனி நேரத்தில் அந்த இடைவெளியில் பைப் உறைய வாய்ப்பு உண்டு. தொட்டி நன்றாக நிறைந்தபின் ஒரே மூச்சில் தள்ளி, உடனே வடித்துவிடுவதே பாதுகாப்பு.

தண்ணீரைக் காட்டிலேயே விட்டுவிட்டால்?

இன்னொரு வழியும் இருக்கிறது. கொண்டுபோவதில் பெரும்பகுதி தண்ணீர்தானே, அதை ஏன் மேட்டுக்குத் தள்ள வேண்டும் என்று யோசித்தவர்கள் ஆர்.ஓ. இயந்திரத்தைத் தொட்டி அருகிலேயே வைத்துவிட்டார்கள். நாம் குடிநீருக்குப் பயன்படுத்தும் அதே சவ்வு முறைதான். இங்கே வேண்டியது ஒதுக்கப்படும் பக்கத்தில் நிற்கும் சர்க்கரை. 2% சாறை 8% ஆக்கினால் நான்கில் மூன்று பங்கு தண்ணீர் அங்கேயே பிரிந்துவிடும். மணிக்கு 5,000 லிட்டர் தள்ள வேண்டிய இடத்தில் 1,250 லிட்டர் போதும். பழைய 32 மி.மீ. பைப்பே அதற்குத் தாராளம்.

ஆனால் அந்த இயந்திரம் உறையக் கூடாது. சூடான அறை வேண்டும், நல்ல மின்சாரம் வேண்டும், ஆள் பார்வை வேண்டும். செறிவான சாறு இன்னும் சீக்கிரம் கெடும். பைப்புக்குச் செலவிடுவதைவிட இதில் செலவிடலாமா என்பது துளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 3,000 துளை வைத்திருப்பவருக்குப் பைப் போதும் என்பது என் கருத்து. 20,000 துளை வைத்திருப்பவர் கட்டாயம் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் ஒரு மீட்டர்

சில நூறு ரூபாய்க்கு அழுத்த மீட்டர் கிடைக்கிறது. மோட்டாரின் வெளியேறும் பைப்பில், ஒருவழி வால்வுக்கு அப்பால் பொருத்துங்கள். ஓடும்போது ஒருமுறை, நிறுத்திய உடனே ஒருமுறை பாருங்கள். தூரத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உயரத்தைவிட அதிகமாக இருந்தால், அடுத்த மோட்டாருக்கு வைத்திருக்கும் பணத்தில் பைப் வாங்குவதே சரி. நமக்கு விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இந்த இழப்பு பில்லில் தெரிவதில்லை. எரிந்த மோட்டாரிலும் பாயாமல் நின்ற கடைசி வரப்பிலும்தான் தெரிகிறது.

சொட்டுநீர் போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பருவம் முடிந்ததும் மேப்பிள் விவசாயிகள் துளைகளில் இருந்து மூக்குக்குழாயை எடுத்துவிட்டு, முழுக் குழாய் வலையையும் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். சிலர் பிளீச்சிங் கரைசல் விட்டுக் கழுவிப் பார்த்தார்கள். குழாய் சுத்தமானது; ஆனால் அதில் தங்கிய உப்புச் சுவைக்கு அணில்கள் வந்து குழாயைக் கடித்துக் குதறின. அணில் அங்கேயும் அப்படித்தான். நம் தென்னந்தோப்புகளில் லேட்டரலைக் கடிக்கும் அணிலுக்கு உப்புதான் காரணமா, தண்ணீர் தாகமா என்பது தோப்புக்குத் தோப்பு மாறும். குளோரின் கரைசல் விட்டுக் கழுவுகிறவர்கள், கடைசியில் நல்ல தண்ணீரை முனைகள் வரை விட்டு அலசிவிடுங்கள்.

இரட்டைப் பைப் போட்ட அந்த விவசாயி ஏப்ரல் இறுதியில் இரண்டையும் அலசி, வடித்து, அடியில் உள்ள வால்வைத் திறந்தபடியே விட்டார். அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியையும் கட்டினார். அடுத்த பிப்ரவரியில் மோட்டாரைப் போடும் முன் அதை மூட வேண்டும் என்று நினைவில் இருக்கத்தான்.